எனக்குக் குளிர்

வாளித் தண்ணீரைக்
கரண்டிக் காம்பால் உடைத்தால்தான் முகம் கழுவலாம்.
நேற்றுத் துவைத்த சட்டை
கொடியில் கை விரித்து நிற்கிறது.
மடக்கினால் முறியுமோ என்று
ஆளைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தேன்.

மைனஸ் இருபத்தாறு. பள்ளி உண்டு.
இருபத்தெட்டானால்தான் விடுமுறை.
அந்த இரண்டு டிகிரிக்காக
நாரினில் நான் வேண்டாத தெய்வமில்லை.

ஜிபார் எஜே தன் கணவரின்
கம்பளிக் காற்சட்டையைத் தந்திருக்கிறார்,
'இனி அவருக்கு எதற்கு' என்று.
இடுப்பில் சணல் கயிறு.
உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமிருக்கிறது.

நாலாம் வகுப்பில் கரி அடுப்பு.
அதை ஒட்டிய பெஞ்சு அடினாய்க்கு.
ஐந்து கிலோமீட்டர் நடந்து வருகிறாள்.
யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை.

இன்று பாடம்: ஐ ஆம் கோல்ட்.
'நீங்களே குளிரா, டீச்சர்?'
எராலிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
'நாங்கள் மகா சூக் என்போம்.
எனக்குக் குளிர்.'

எங்கள் பாஷையிலும் அப்படித்தானடா,
அது வெளியிலிருந்து வரும்,
வந்து நம்மிடம் கொஞ்சம் தங்கும்,
நாம் அதுவாகிவிட மாட்டோம்
என்று சொல்ல
என் கிர்கிஸ் போதவில்லை.

பலகைக்குத் திரும்பினேன்.
ஐ ஆம் வரை எழுதி
மார்க்கர் உறைந்துவிட்டது.

எராலி எழுந்து வந்தான்,
கேட்காமல் அதைப் பிடுங்கித்
தன் அக்குளில் செருகிக்கொண்டான்.
வகுப்பு காத்திருந்தது.
அடினாய் மட்டும்
அடுப்பின் மேல் கிடந்த ஈரக் காலுறையைத்
திருப்பிப் போட்டாள்.