மீன் கலைந்த வகையில்

தாளில் ஓட்டை போடும் மெஷின் செய்தோம்,
பணப்பெட்டி, தேதி முத்திரை,
ஒவ்வொரு அமுக்கலுக்கும் தானாக ஓரெண் கூடும்
நம்பர் குத்தும் மெஷின்.
மண்டபம் கேம்பில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களின் சீட்டுகள்
எங்கள் எண்ணைத்தான் சுமந்து
கொழும்புக்குப் போயின.

அசனா மரைக்காயர் பட்டறையில்
கணக்கெழுதினவன் நான்.
நாற்பத்திரண்டு ஐப்பசி, அடைமழையில் தந்தி:
கைத்துப்பாக்கி, மாதம் இருநூறு.
"அதிலும் ஸ்பிரிங், இதிலும் ஸ்பிரிங்.
அமுக்கினால் திரும்பி வரணும், அவ்வளவுதானே" என்றார் முதலாளி.
சொல்லிவிட்டு அன்று சோறு இறங்காமல்
பாதியில் கை கழுவினார்.

பிரெஸ் அதுவேதான். அச்சு மட்டும் மாறியது.
பணப்பெட்டிக்குப் பூட்டு செய்த சிக்கந்தர்
விசை அராவ உட்கார்ந்தான்.
"பூட்டு திறக்கலேன்னா வைவாக.
இது வெடிக்கலேன்னா
எவனோ ஒருத்தன் வீட்ல துவா செய்வாக"
என்றான், அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் கடற்காற்றுக்கு
இரும்பென்றால் அப்படியோர் ஆசை.
சாயங்காலம் பளபளத்தது
விடியும்போது மஞ்சள் பூத்துக் கிடக்கும்.
மசகெண்ணெய்க்குப் பர்மிட் வரவில்லை.
சுறா ஈரல் எண்ணெயைப் பூசினோம்.
மாட்சிமை தாங்கிய மன்னரின் துப்பாக்கிகள்
கருவாட்டுக் கூடையாக நாறின.
சோதிக்க வந்த துரை
கைக்குட்டைக்குள் மூக்கை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.
ஸ்டேஷன் பூனைகள் மூன்று நாள்
பார்சல் ஆபீஸை விட்டு நகரவில்லை.

வியாழக்கிழமைகளில் சுட்டுப் பார்ப்போம்,
கடலைப் பார்த்து, மணல் மூட்டையில்.
முதல் வியாழனே நம்புராசன்
இடுப்பளவு ஈரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.
"மீன் கலையுது முதலாளி.
வலையை ஒங்க குண்டுக்கா விரிச்சு வச்சிருக்கேன்?"
முதலாளி சிரித்தார், பிறகு
எட்டணா கொடுக்கச் சொன்னார்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
யுத்தச் செலவா, சில்லறைச் செலவா?
மையைத் தொட்டு வெகுநேரம் யோசித்து எழுதினேன்:
மீன் கலைந்த வகையில், 0-8-0.

அப்புறம் சுடாத வியாழனிலும் வந்தார்.
சுட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார்.
வைத்துக்கொண்டோம்.

சித்திரையில் இரண்டு வியாழன் வரவில்லை.
மூன்றாவது வியாழன் காய்ந்த வேட்டியோடு வந்தார்.
காய்ந்த வேட்டியில் அவரை அன்றுதான் பார்த்தேன்.
பர்மா எல்லையில் மகன்.
தபால்காரர் படித்துக்காட்டிவிட்டாராம்.
எட்டணாவை நீட்டினேன், வாங்கவில்லை.
"இங்க செஞ்சதுல ஒண்ணு
எம்மகன் கைக்குப் போயிருக்குமா கணக்கப்பிள்ளை?"

பொய் சொல்லியிருக்கலாம்.
"சிப்பாய்க்குக் கைத்துப்பாக்கி கிடையாது.
ஆபீசருக்கு மட்டுந்தான்."

கொஞ்ச நேரம் கதவு மேலிருந்த பலகையையே பார்த்தார்.
எழுத்துக் கூட்டத் தெரியாதவர்;
அதில் என்ன எழுதியிருக்கிறதென்று
ஊருக்கே தெரியும்.
"அப்ப ஆபீஸ் சாமான்தான் செய்றீக
இப்பவும்" என்றார்.

திட்டினாரா, சும்மா சொன்னாரா?
பேனா கையிலேயே காய்ந்துவிட்டது.

யுத்தம் முடிந்ததாக ரேடியோ சொன்ன வாரம்
ஆர்டர் ரத்து.
மிஞ்சிய விசை ஸ்பிரிங்கெல்லாம்
ஓட்டை போடும் மெஷினுக்குள் போயின.
ராமநாதபுரம் தாலுகா ஆபீஸிலிருந்து புகார் வந்தது:
கருவி மிகவும் முரட்டுத்தனமாகத் துள்ளுகிறது.

நாலாயிரத்து நூற்றுப் பதினாறு வரை
துப்பாக்கி உடம்பில் குத்திய நம்பர் மெஷினை
யாரும் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை.
பள்ளிக்கூடச் சம்பள ரசீதொன்றில் அது
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு என்றது.

மதுரையிலிருந்து ஆடிட்டர் வந்தார்.
குண்டு, இரும்பு, கூலி எதையும் கேட்கவில்லை.
ஒரே ஒரு பத்தியில் பென்சிலால் சுழித்து
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:

"எந்த மீன்?"