இரண்டு கட்டுச் சீட்டு

ஒவ்வொரு வெளியேற்றச் சுற்றுக்கும்
இரண்டு கட்டு விமானச் சீட்டு எடுத்து வைப்பது என் வேலை.
காற்சட்டையின் வலது பாக்கெட்டில் ஊர்.
இடது பாக்கெட்டில் அடுத்த ஆட்டம்.
நாற்பத்தேழு மூட்டைகளுக்கும் இரண்டிரண்டு முகவரி.
ஆட்டக்காரர்களிடம் இதைச் சொல்வதில்லை.
தோல்விக்கு இடம் பிடித்துவைத்தவன் என்று தெரிந்தால்
எவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவான்?

லிசியாத்தே மட்டும் கண்டுபிடித்துவிட்டான்.
ஒன்றாம் எண், முன்வரிசை, நூற்று இருபத்தாறு கிலோ.
காது இரண்டும் எண்ணெயில் சுருண்ட அப்பளம்.
காலிறுதிக்கு முந்தின இரவு, லியோன் விடுதியின் அடித்தளத்தில்
சலவை இயந்திரத்துக்கு நான் காவலிருந்தபோது
செருப்பில்லாமல் வந்து கேட்டான்:
"தோற்றால் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்?"

"ஞாயிறு காலை ஆறு நாற்பது."

விரல் மடக்கி எண்ணினான்.
துபாய், சிட்னி, நடுவில் காத்திருப்பு,
எப்படியும் செவ்வாய் மதியம் நுகுஅலோஃபா.
மெலெனைத்தேவுக்குப் புதன்கிழமை என்று
நாள் குறித்திருந்தார் மருத்துவர்.
ஒன்றும் பேசாமல் ஈரக் காலுறை ஒன்றைப் பிழிந்து
கொடியில் போட்டுவிட்டுப் படியேறினான்.

மறுநாள் மழை.
குனி, பிடி, முட்டு என்று நடுவர் கூவ
எட்டுக்கு எட்டாய்ப் பிணைந்த முதுகுகளில் ஆவி பறந்தது.
எழுபத்தெட்டாம் நிமிடம். நான்கு புள்ளி பின்தங்கல்.
அவர்கள் கோட்டுக்கும் பந்துக்கும் ஒரு முழம்.
குவியலுக்கு அடியில், யாருக்கும் தெரியாமல்,
பந்து அவன் கைக்கு வந்தது.

நழுவவிட்டிருக்கலாம்.
வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தால்
அந்த மழையில் யார் மறுத்திருப்பார்?

மூன்று பேரை முதுகில் இழுத்துக்கொண்டு
கோட்டின் மேல் போய் விழுந்தான். ட்ரை.
பின்னால் வந்த உதை கம்பத்துக்கு வெளியே போயிற்று,
போகட்டும், ஒரு புள்ளி போதும்.
எல்லாரும் அவன் மேல் ஏறிக் குதிக்க
சேற்று முகத்தை நிமிர்த்தி ஓரக்கோட்டைப் பார்த்தான்.
என்னைத் தேடினானா, தண்ணீர்க் குப்பியையா, தெரியாது.

அன்றிரவு தொலைபேசியில் வலது பாக்கெட்டை ரத்து செய்தேன்.
விமானக் கம்பனியின் சொலேன் வாழ்த்துச் சொன்னாள்.
தலைக்கு நூற்றுப்பத்து யூரோ தண்டம் என்பதையும்
அதே குரலில் சொன்னாள்.

புதன் வந்தது, குழந்தை வரவில்லை.
வியாழன் இல்லை. வெள்ளி இல்லை.
சனிக்கிழமை பாரீஸில் அரையிறுதி,
நாற்பத்தொன்றுக்கு ஆறு,
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்த விதியை யார் வகுத்தார்களோ.
காலிறுதியில் தோற்றவன் மறுநாளே வீட்டில் கால் நீட்டலாம்.
அரையிறுதியில் தோற்றவன் இருக்க வேண்டும்,
இன்னொரு வாரம், இன்னொரு ஆட்டம்,
மூன்றாம் இடத்துக்காக.
எந்தப் பையனும் கொல்லைப்புறத்தில் தனியாக உதைத்தபடி
தன்னையே வர்ணித்துக்கொள்ளாத ஆட்டம் அது.
"நீ போ" என்றுதான் சொன்னார் பயிற்சியாளர்.
ஆனால் மாற்று ஆளுக்குத் தோள் இறங்கியிருந்தது.
லிசியாத்தே அந்தத் தோளைப் பார்த்தான்,
காதுக்கு நாடா சுற்ற ஆரம்பித்தான்.

அந்த வாரம் எனக்கு ஒரே கட்டுச் சீட்டு.
வென்றாலும் தோற்றாலும் ஒரே விமானம், ஒரே மூட்டை.
இருபது வருடத்தில் முதல்முறை
காலியாய்க் கிடந்தது வலது பாக்கெட்.

வெள்ளி இரவு ஒன்பது மணி, ஊரில் சனி காலை எட்டு.
சுரங்கப்பாதையில் வரிசை நிற்கும்போது
தன் போனை என்னிடம் நீட்டினான்.
"வைத்திரு. பார்க்காதே."
இடது பாக்கெட்டில் சீட்டு இருந்ததால்
வலதில் போட்டுக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நிமிடம், நடுக்களத்தில் ஸ்க்ரம்.
குனி என்றார் நடுவர். அவன் குனிந்தான்.
என் தொடையில் அது துடிக்கத் தொடங்கியது,
நின்றது, மறுபடி துடித்தது.
பிடி, என்றார்.

இடைவேளைக்கு இன்னும் பதினொரு நிமிடம்.