இடது மணிக்கட்டு

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, தள்ளும்.
அது தள்ளிவிட்டது போலத்தான்
என் கடைக்குள் வந்தாள் ஓர்தென்சியா,
நண்டை டப்பாவில் அடைக்கும் ஆலையில்
கணக்கு எழுதுகிறவள்.

"செத்துச் செத்துப் பிழைக்கிறது" என்று
மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள்.
"இரண்டு வரி அடித்தால் இருட்டு.
எழுந்து தேநீர் போட்டுவிட்டு வந்து தொட்டால் வெளிச்சம்.
என்னைக் கண்டால் ஆகவில்லையோ என்னவோ."

மைத்துனன் எலியோதோரோ
ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தான்:
காந்தம்.
குளிர்பெட்டிக் கதவில் பதினான்கு காந்தம்,
அதன் எதிரே உட்கார்ந்து நீ கணக்குப் பார்க்கிறாய்,
பிறகு சாகாமல் என்ன செய்யும்?

அன்றிரவே பதினான்கையும் பிடுங்கினாள்.
பென்குவின், நங்கூரம், கன்னி மரியாள்,
விறகு வண்டிக்காரனின் தொலைபேசி எண்.
பிஸ்கட் டப்பாவில் போட்டுக்
கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள்.
அவை பிடித்துக்கொண்டிருந்த காகிதங்கள்
மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்தன.
அடியில் கிடந்தது பல் மருத்துவரின் தேதி.
அது போயே போனது.
கணினி மட்டும்
முன்போலவே செத்தது.

இரண்டு மணி நேரம் நான் தட்டிப் பார்த்தேன்.
ஒரு கொட்டாவிகூட விடவில்லை.
"நீங்கள் அடியுங்கள்" என்றேன்.
அடித்தாள்.
இடது கை ஓரத்தில் படிந்தது.
இருட்டு.

மணிக்கட்டில் ஒரு செம்பு வளையல்,
இரு முனையிலும் கடுகுபோல் கறுப்பு உருண்டை.
மூட்டு வலிக்கு என்றாள்.
தங்கை விற்றதாம், மூன்று தவணையில்.

மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்க்க
ஓரத்தில் ஒரு சின்ன உணர்வி உண்டு.
மூடியில் ஒரு காந்தத் துணுக்கு.
அது நெருங்கினால், தூங்கு என்று அர்த்தம்.
உங்கள் கை நெருங்கியது,
சொன்ன சொல் கேட்டது கணினி.
வேறொன்றுமில்லை.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அப்படியானால் உள்ளே இருப்பது அழியவில்லையா?"

பழைய வன்தட்டு ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பிளந்தேன்.
உள்ளே இருந்த காந்தம்
கத்தரிக்கோலை என் கையிலிருந்து பறித்துக்கொண்டது.
இதற்கு விரலகல தூரத்தில்தான்
எத்தனையோ பேருடைய கல்யாணப் படங்கள் சுழன்றன என்றேன்.
உங்களுடையதில் சுழலும் தட்டே இல்லை, சில்லுதான்.
பென்குவினால் அதைக் கிள்ளக்கூட முடியாது.

மறுநாள் வேறொன்றோடு வந்தாள்.
செருப்புப் பெட்டி. அதில் பதினொரு பிளாப்பி.
நீல மசியில்: மிர்கோ, 1993.
படகில் போன நாட்களை அவன் எழுதி வைத்தது.
"இவை எங்கே இருந்தன?"
"ஒலிபெருக்கியின் மேல்.
அவன் வைத்த இடம். நான் நகர்த்தவில்லை."

ஒலிபெருக்கிக்குள்ளும் காந்தம்தான்
என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய பெட்டியை இயக்கினேன்.
அது முனகியது, தேடியது, மீண்டும் முனகியது.
பத்து வாய் திறக்கவில்லை.
ஒன்று திறந்தது, அரைப் பக்கம்:

காற்று மேற்கு. வலையில் ஒன்றுமில்லை.
ஓர்தென்சியாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும்,
அளவு முப்பத்தே

அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்.

"காந்தமா?" என்றாள்.
காந்தமோ, ஈரமோ, முப்பது வருடமோ.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
உண்மையாகவே தெரியவில்லை.

அரைப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.
வளையல் பழுதுக்கு
எந்தக் கணக்கில் பில் போடுவது என்று நான் விழிக்க,
அவள் அதைக் கழற்றி
வலது கையில் மாட்டினாள்.
கத்தரிக்கோலோடு ஒட்டிக் கிடந்த காந்தத்தை
இரண்டு கையாலும் இழுத்துப் பிரித்து
"இதை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றாள்.

"முப்பத்தேழு" என்றாள் கதவருகில்,
யாரிடமென்று தெரியவில்லை.
காற்று அவளை வெளியே இழுத்துக்கொண்டது.