நான்காவது வரைவு

ஞாயிறுதோறும் புதுச்சேரியில் வகுப்பு.
மிஷன் வீதியில், துணிக்கடைக்கு மேல் மாடியில்,
மக்கள் தொடர்பு, சான்றிதழ்ப் படிப்பு, ஆறு மாதம்.
முதல் நாள் குறிப்பேட்டில் எழுதியது:
யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்.
இரண்டாவது: அடுத்தவர் சொல்வதற்குமுன் நீ சொல்லிவிடு.
மூன்றாவதை எழுதும்போது பேனா தீர்ந்துவிட்டது.
பக்கத்து நாற்காலிக்காரர் நகைக்கடை விளம்பரத்தில் இருப்பவர்,
இரண்டு பேனா வைத்திருந்தார். தரவில்லை.

திங்கள் முதல் சனிவரை கடலூர்.
சிப்காட்டில் சாய மூலப்பொருள் செய்யும் ஆலை.
என் மேசையில் ஒரு பட்டியல், நிருபர்கள் முப்பத்தொரு பேர்:
யாருக்குச் சர்க்கரை இல்லாத தேநீர்,
யார் கவர் வாங்கமாட்டார்,
யார் வாங்கித் திறக்காமலே தொகை சொல்வார்.
ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் சொல்லித்தருவதில்லை.

புதன் இரவு பதினொன்றே கால்.
ஒரு வால்வு.
காற்று ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது.
எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

காலை ஏழு மணி. முதல் வரைவு:
'வாயுக் கசிவு ஏற்பட்டது.'
கசிவின்மேல் தயாளன் சார் சிவப்புக் கோடு போட்டார்.
இரண்டாம் வரைவில் அது 'வாசனை மாறுபாடு',
உப்பனாற்றங்கரையில் மல்லிகை
கொஞ்சம் கூடுதலாகப் பூத்துவிட்டதுபோல.

மூன்றாம் வரைவில் நானே தேறிவிட்டேன்.
உணரப்பட்டது. கவனிக்கப்பட்டது. சரிசெய்யப்பட்டது.
'படு' எவ்வளவு பொறுமையான வினை!
அடிபடும், வதைபடும், துன்பப்படும்,
செய்தது யார் என்று மட்டும் கேட்காது.
"அருமை" என்றார். "கடைசியில பாசமா ஒரு வரி."
போட்டேன்:
'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.
நாம் சேர்ந்தே இதைக் கடப்போம்.'

பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் போனது,
மஞ்சக்குப்பத்துக்கு, முதுநகருக்கு, முப்பத்தொரு பேருக்கும்.
அடியில், தொடர்புக்கு: என் பெயர், என் எண்.
அதுவும் ஒரு விதி.
அறிக்கையின் கீழே ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு பத்துக்கு அழைப்பு.
நிருபர் இல்லை.
"அஞ்சலாட்சி பேசறேன். மீன் விக்கறவ.
பையன் படிச்சுக் காட்டுனான்.
நாம்னு போட்டிருக்கியே,
அந்த நாம்ல நீ எங்க இருக்க?"

இதற்குப் பயிற்சி உண்டு.
மூச்சு விடு. கவலையை ஏற்றுக்கொள். உறுதி எதுவும் தராதே.
"உங்கள் கவலை புரிகிறது, அம்மா."
"கவலை இல்லம்மா, கண்ணு. கண்ணு எரியுது.
ராத்திரி ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கிட்டு
புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடுனோம்.
நாங்க ஓடுனோம். நாம ஓடல."

அவள் வைத்துவிடவில்லை.
பின்னால் யாரோ இருமினார்கள். சின்னத் தொண்டை.
இருமலுக்கு எந்த விதி என்று
குறிப்பேட்டைப் புரட்டினேன், உண்மையாகவே புரட்டினேன்.
"உன் வூடு எங்க?"
"திருப்பாதிரிப்புலியூர்."
"அங்கல்லாம் வராது, இல்ல?" என்றாள்,
கோபமில்லாமல், மழை விசாரிப்பதுபோல.

ஏழாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி:
கேட்பவரையும் சேர்த்தால் நாம்,
சேர்க்காவிட்டால் நாங்கள்.
சரியாக எழுதி இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

தயாளன் சார் சாப்பிடப் போயிருக்கிறார்.
நான்காவது வரைவு:
'புதன் இரவு எங்கள் ஆலையிலிருந்து வாயு கசிந்தது.
அதை அடைக்க எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.
அந்த ஐம்பது நிமிடமும்
நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை.'

அவ்வளவுதான். வருத்தம்கூட இன்னும் எழுதவில்லை,
அதற்கு அச்சில் ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருக்கிறது,
அது வேண்டாம் என்றிருக்கிறது.

தாளை அவர் மேசையில் வைத்து
மேலே அவருடைய சிவப்புப் பேனாவையே வைத்தேன்.
திரும்பி வந்து பட்டியலைத் திறந்தேன்.
முப்பத்திரண்டு: அஞ்சலாட்சி.
எண் எழுதினேன்.
தேநீர் என்ற கட்டத்தில்
சர்க்கரை வேண்டுமா என்று
கேட்கவில்லை.