பாஸ்பேட் பூஜ்ஜியம்

போகும்போது ராடிம்
இரண்டு நாற்காலி, காப்பி இயந்திரம்,
தடித்த கம்பளி, எல்லாம் எடுத்துக்கொண்டான்.
முந்நூறு லிட்டர் கடலை எப்படித் தூக்குவது
என்றுதான் தெரியவில்லை அவனுக்கு.

ஓஸ்ட்ராவாவில், எட்டாவது மாடியில்,
எந்தக் கரைக்கும் ஒரு பகல் பயணம் தள்ளி
ஒரு கடலுக்குக் காவல் இருக்கிறேன்.

முதல் மாதம் உப்பு கலக்கக் கற்றேன்.
உப்பிட்டவரை நினைக்கும் வழக்கம்
மீன்களுக்கு இல்லை.
கோமாளி மீன் இரண்டும் ஓடி வந்து
என் கையைப் பார்க்கும்,
முகத்தைப் பார்க்காது.

இரண்டாம் மாதம் பாசி.
முதலில் ஒரு கல்லின் தோளில்
பூனைமயிர் போல.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
டிராம் ஓட்டிவிட்டு வந்த ஒவ்வொரு மாலையும்
கொஞ்சம் கூடியிருந்தது.
பிறகு இறகு. பிறகு தாடி.
பிறகு பவளங்களின் வாயைப் பொத்திக்கொண்டு
ஒரு முழுப் பச்சைக் கம்பளி.

ராடிமின் பல்துலக்கி குளியலறையிலேயே கிடந்தது.
அதை எடுத்தேன்.
தேய்க்கத் தேய்க்கப் பறந்த இழையெல்லாம்
அடுத்த கல்லில் குடியேறியது.

குழாய்த் தண்ணீரை நிறுத்தினேன்.
பூட்ஸுக்கு வைத்திருந்த பணத்தில்
வடிகட்டி வந்தது, பத்து நத்தைகள் வந்தன.
நன்றாக மேய்ந்தன.
கவிழ்ந்தால்தான் எழத் தெரியாது அவற்றுக்கு.
விடிகாலை மூன்றரைக்கு,
முதல் டிராமை எடுக்கப் போகும் முன்,
சட்டைக் கையைச் சுருட்டி
நத்தைகளை நிமிர்த்திவைக்கிறவள் ஆனேன்.
டெப்போவில் ஒருத்தி மோந்துவிட்டுக் கேட்டாள்,
விடுமுறைக்கு எங்கே போயிருந்தாய் என்று.

மூன்று நாள் விளக்கை அணைத்து
தொட்டியைச் சுற்றிக் கட்டினேன்.
இருந்தது ஒரே போர்வை.
கோட்டோடு படுத்து
இருட்டில் பம்ப் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பிப்ரவரி முழுவதும் அந்த அறைக்குள் இருந்தது.

பிறகு சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து.
நீலம் வந்தால் குற்றம்.
வரவில்லை.
பாஸ்பேட் பூஜ்ஜியம். நைட்ரேட் பூஜ்ஜியம்.
ஒரு பியரைத் திறந்து எதிரே உட்கார்ந்தேன்.
கல் கல்லாக இருந்தது.
மணல் மணலாக.

பதினோராம் நாள், மணலில் பழுப்பு.
சளி போல, நுனிகளில் குமிழியோடு.
மூன்று நத்தைகள் கவிழ்ந்தன.
நிமிர்த்தினேன். அப்படியே சரிந்தன.
பவளம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

சுத்தம் சோறு போடும் என்பது
எந்த ஊர்க் கணக்கோ.
இங்கே அது தட்டைப் பறித்துக்கொண்டு போயிருந்தது.

விட்கோவிட்சேயில் மீன்கடை வைத்திருக்கும் த்ரஹோமீரா
என் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள்.
“இதில் யார் எதைத் தின்பது?
பசித்த வீட்டில் பேய்தான் குடியேறும்.
போய்க் கொஞ்சம் அழுக்குப் பண்ணு.”
எவ்வளவு என்றேன்.
“ஆஸ்பத்திரியும் இல்லாமல், சாக்கடையும் இல்லாமல்.”
அதற்கு அளவுக்கரண்டி இருந்தால்
நானே வாங்கியிருப்பேன்.

ஊறுகாய் ஜாடியில்
தன் தொட்டியின் அடிமணல் ஒரு பிடி கொடுத்தாள்.
காசு வாங்கவில்லை.
மயிரிழைப் புழு ஒன்று கண்ணாடியில் ஏறி ஏறி விழுந்தது.
மடியில் அணைத்துக்கொண்டு
பயணியாக வீடு வந்தேன்.
அன்று ஓட்டியவன் வளைவில் பிரேக்கை இழுத்துப் பிடித்தான்.
ஜாடிக்காக அவனைத் திட்டினேன்.

மீன்களுக்கு இரண்டு வேளை சாப்பாடு.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்
தேய்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.
பழுப்பு போனது, வந்தது, மறுபடி போனது.
ஏப்ரலில் ஒரு ஞாயிறு
குப்பியில் நீலம் தெரிந்தது,
இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டிய நீலம்.

இப்போது பின்கண்ணாடியில்
உள்ளங்கையளவு பச்சை இருக்கிறது.
விட்டுவைத்திருக்கிறேன்.
ஏழு நத்தைகள் அதன் ஓரத்தைக் கொறிக்கின்றன,
மறுநாள் அந்த ஓரம் அங்கேயே இருக்கிறது.

போன வாரம் ராடிம் கூப்பிட்டான்.
கடல் எப்படி இருக்கிறது என்றான்.
“அழுக்காக,” என்றேன்.
வருத்தப்பட்டான்.
பல்துலக்கியைப் பற்றி அவன் கேட்கவில்லை.