இரவு இரத்தம்

மட்டக்குளியில் இரவு பத்தரை.
தட்டினால் முதலில் திட்டுத்தான்:
"ஏன், பகல்ல வரேலாதா?"

பகலில் அவை நுரையீரலுக்குள் ஒதுங்கிவிடும், அக்கா.
நுளம்பு பசித்து வரும் நேரம் தெரிந்து
தோலடிக்கு வரும்.
எனக்கும் அதே ஷிப்ட்.

மில்ரோய் விரலை நீட்டினான்
கிரிக்கெட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
மூன்று சொட்டு. ஒரு கண்ணாடித் தகடு.
பின்பக்கம் மலக்குழியின் மூடி உடைந்து
இரண்டு வருடமாம்,
மாநகரசபைக்கு எழுதியும் ஆயிற்றாம்.

மறுநாள் நுணுக்குக்காட்டியில்
சாயம் குடித்து ஊதாவாய்
சுருண்டு கிடந்தது ஒரு நூல்.

வயது பதினேழு.
இரண்டும்
இன்னும் பந்துக்குப் பின்னால் ஓடுகிற கால்கள்.

பதிவேட்டில் அவன் விலாசம் எழுதுகையில்
முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.
அந்த வாசலில் நின்றபோது
கடித்தது.