மாவுக் கிடங்கில் வாட்சண்டை

வெள்ளிக்கிழமை. கிடின்யா துறைமுகத்தில்
பாரந்தூக்கிகளின் கம்பிகளைப் பிடித்து உலுக்குகிறது காற்று.
மேல்வீட்டு இரெனேயுஷ் கதவைக் காலால் தட்டுகிறான்:
ஒரு கையில் ஊறிய ஹெர்ரிங் மீன் சாடி,
மறு கையில் புது டிஸ்க்.
"கீறல் எல்லாம் துடைத்துவிட்டார்களாம்.
இனிமேல் கண்ணாடிதான்."
உறையில் அதே மீசை. அதே கொடிக்கயிறு.
வாளைவிட நீளமான அதே சிரிப்பு.

போகுமிவ் ஏற்கெனவே சாய்வு நாற்காலியில்.
முதல் பீரங்கி வெடிப்பதற்குள் தூங்கிவிடுவான்.
முப்பது வருஷமாக இந்தப் படத்தில் என் கணவன் பார்த்தது
கப்பல் புறப்படுவதை மட்டும்.

அப்போது எங்களிடம் இருந்தது கேசட்.
எங்கள் நாட்டுக் கேசட்டில்
எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஆள் பேசுவான்.
ஆளுநர் மகளுக்கும் அவனே,
அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கும் அவனே,
கிளிக்கும் அவனே.
ரயில் நேரம் வாசிக்கிற குரல்.
உன்னைக் கொல்வேன் என்பான்,
உன்னையே நினைத்திருந்தேன் என்பான்,
இரண்டும்
தண்ணீர் வரி பாக்கி என்பதுபோல விழும்.
கடைசி முத்தத்தின் நடுவே ஒருமுறை இருமிவிட்டான்.
யாரும் அதை வெட்டவில்லை.

கப்பலின் அடித்தளத்தில், மாவுக் கிடங்கில் அந்தச் சண்டை.
மூட்டைகள் கிழியும். இருவரும் தலைமுதல் கால்வரை வெள்ளை.
எவன் நல்லவன் என்று
குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்,
குரலோ ஒன்று.
ஒவ்வொரு முறையும் ஒருத்தனைத் தேர்ந்துகொண்டு
அவனுக்காகத் தலையணையைப் பிசைவேன்.

புது டிஸ்க்கில் நிறம் வந்திருக்கிறது.
கடல் இத்தனை நீலமாக இருக்க முடியும் என்று
பால்டிக் கரையில் யார் எங்களுக்குச் சொன்னார்கள்?
கூடவே மற்றதும் வந்திருக்கிறது:
புயல் மேகத்தில் ஒட்டிக்கொண்ட தூரிகை மயிர் ஒன்று.
புதையல் பெட்டியில் நேற்று வாங்கிய கீல்
(இருபத்தாறு வருஷம் சுங்கத்தில் பெட்டி திறந்தவள் நான்).
பாய்மர உச்சியிலிருந்து குதிக்கிறவனுக்கு
நடுமண்டையில் வழுக்கை,
தளத்தில் வந்து நிற்கும்போது சுருட்டை முடி.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.
அப்படியென்றால் இத்தனை நாள்
நான் ஆசைப்பட்டது
இந்த வழுக்கைக்காரனைத்தான், முகம்கூடத் தெரியாமல்.
நிறுத்து, திரும்பப் போடு என்கிறேன்.
நான்கு முறை குதிக்கிறான்.
நான்கு முறையும் எனக்கு வயிற்றில் ஜிவ்வென்கிறது.

பிறகு நாயகன் சொந்தக் குரலில் வாய் திறந்தான்.
ஐயோ.
கொதி வராத கெட்டில்.

இரெனேயுஷ் ஒலியைப் பாதியாகக் குறைத்தான்,
மீசையைத் துடைத்துக்கொண்டான்,
தானே பேச ஆரம்பித்தான்.
ஒரு வரி தப்பவில்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை.
கிளிக்கும் பேசினான்.

மாவு மூட்டை கிழிந்தது.
இப்போது தெளிவாகத் தெரிகிறது, மாவுக்கு அடியிலும் மீசை.
முப்பது வருஷத்தில் பாதி நாளாவது
வில்லனுக்காகப் பதறியிருக்கிறேன்.
சொல்லலாமென்று திரும்பினால்
இரெனேயுஷுக்குத் தொண்டையில் மீன்முள்.
ரொட்டித் துண்டை விழுங்கிக்கொண்டு கையை ஆட்டுகிறான்.
திரையில் வாய்கள் அசைகின்றன.
இரும்பு மட்டும் சிணுங்குகிறது.

"சரணடை."

சாய்வு நாற்காலியிலிருந்து.

"மாட்டேன்."
"அப்படியானால் செத்துப்போ."
"பிறகு."

கண்கள் மூடியேதான் இருந்தன.
கைகள் வயிற்றின்மேல், எப்போதும்போல.
ஏணி ஏறினார்கள், கொடி இறங்கியது,
ஆளுநர் மகள் கன்னத்தில் மாவு ஒட்டியது,
எல்லாவற்றையும் அவனே சொன்னான்,
பிளாட்பாரம் மூன்று, பிளாட்பாரம் நான்கு என்று.

முத்தம் வந்தது.

போகுமிவ் இருமினான்.